பாஷ்பீபவனம் படித்த கதை

ஈரப் புடவை கொடியில் காய்வதற்குத் தெலுங்குப் பாடப்புத்தகத்தில் பாஷ்பீபவனம் என்று பெயர். நாற்பதை நெருங்கும் வயதில் இதைத் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் பெயரே தெரியாமல் என் வீட்டுப் புடவைகள் எப்படித்தான் காய்ந்து தொலைத்தனவோ.

சித்தூரில் எங்கள் தெரு அங்கன்வாடியில் நான் ஆயாவாக இருந்தேன். ஆயா என்றால் பெருக்க வேண்டும், பிள்ளைகளைக் கழுவிவிட வேண்டும், சோறு வடிக்க வேண்டும். டீச்சர் வராத நாளில் டீச்சர் வேலையையும் பார்க்க வேண்டும். எங்கள் டீச்சர் வந்த நாளை எண்ணுவதுதான் சுலபம். அந்த அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கியது. அந்த இடம் எனக்குக் கிடைக்க வேண்டுமென்றால் நான் பத்தாவது தேறியிருக்க வேண்டும். நானோ மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழில் எட்டாவது வரை போனவள்.

பெரியவர்களும் வீட்டிலிருந்தே படித்து எழுதலாம், ஆனால் தெலுங்கில் எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது, கணக்கு உட்பட. அறிவியல் மட்டும் காலை வாரியது. இன்னொரு தடவை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். அந்த நாற்காலியில் வேறு யாரோ வந்து உட்காருவார்கள், நான் அவர்கள் காலடியைப் பெருக்கிக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

முதல் தடவை ஏன் தவறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணி எப்படிக் காய்கிறது என்று கேட்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியாதா என்று பக்கம் நிறைய எழுதினேன். காற்று இருந்தால் சீக்கிரம் காயும், வெயில் மட்டும் போதாது, பிழியாமல் போட்டால் ஓரத்தில் தண்ணீர் தங்கும், ஐப்பசி மழையில் என்ன செய்தாலும் வாடை போகாது, எல்லாம் எழுதினேன். பாஷ்பீபவனம் என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. தெலுங்கு எனக்கு எழுதவும் வரும், பேசவும் வரும். ஆனால் இந்தத் தெலுங்கை எந்தச் சந்தையில் யார் பேசுகிறார்கள்? மார்க்கெட்டில் போய், என் புடவை பாஷ்பீபவனம் ஆகிவிட்டது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவார்கள்.

அப்புறம்தான் எங்கள் சர்ச் சபையின் சாரிடம் போய்ச் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், காலம் காலமாக ஞாயிறு பள்ளியை நடத்துகிறவர். என்னைப் போன்ற பெண்களுக்கு ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்பது மரியாதைக்காகச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் பிள்ளைகள் வசனம் ஒப்பிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அதிகாரமும் எண்ணும் சொல்ல வேண்டும். அப்புறம் வசனம். முடிந்ததும் மறுபடி அதிகாரமும் எண்ணும். நடுவில் ஒரு சொல் தப்பினாலும் தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சார் அதை அப்படியே அறிவியலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "பாடம் நாலு, பக்கம் முப்பத்திரெண்டு. பாஷ்பீபவனம் அனகா..." அதாவது பாஷ்பீபவனம் என்றால், என்று ஆரம்பித்து, திரவம் ஆவியாகும் சங்கதியை இழுத்து முடித்து, மறுபடியும் "பாடம் நாலு, பக்கம் முப்பத்திரெண்டு" என்று எல்லாரும் சேர்ந்து சொல்வோம். கடைசியில் யாராவது ஒருத்தி பழக்கதோஷத்தில் ஆமென் என்பாள். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வரும். சார் என்னை மட்டும் முறைப்பார்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"சார், தண்ணி எங்க போவுது, ஏன் போவுதுன்னு சொன்னா மனசுல நிக்குமே. வெறும் பேர வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"போன தபா காரணமா எழுதிக்கினு வந்தியே, இன்னா ஆச்சு?"

நான் புத்தகத்தில் பக்கம் முப்பத்திரெண்டைத் தேடினேன்.

"உன் அபிப்பிராயத்த எவன் கேட்டான்? சொல்லும்மா. பாடம் நாலுலருந்து சொல்லு."

எனக்குப் பக்கத்தில் உட்காருகிற தையல்காரம்மாவுக்கு வேறு கவலை. செடி வெயிலில் உணவு தயாரிப்பதற்குத் தெலுங்கில் கிரணஜன்ய சம்யோகக்ரிய என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கோயில் வளாகத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

"சார், இத நம்ம சொல்லலாமா? மந்திரம் மாதிரி கீதே."

சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் கொடுமை. கடைசியில், பரீட்சைக்காகச் சொன்னால் பாவமில்லை என்று தீர்ப்பு கொடுத்தார். செடி என்ன செய்கிறது, வெயில் எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது அனுமதி, அது கிடைத்துவிட்டது.

நானும் வேறு வழியில்லாமல் உருப்போட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது புவியீர்ப்பு, கூட்டுக்கு வெங்காயம் நறுக்கும்போது அமிலம், காரம். திருப்பதிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் என் வீட்டுக்காரர், "மொதல்ல சோத்தப் போடு, அப்புறம் ஓது" என்பார். தமிழில் ஒரு பேர், தெலுங்கில் ஒரு பேர், இங்கிலீஷில் ஒரு பேர் என்று மூன்று பாஷையில் தலை வீங்கியதே தவிர, வீட்டில் கூடுதலாக ஒரு புடவையும் காயவில்லை.

பரீட்சை பாகாலாவில். எல்லாரும் ஒன்றாகப் பாசஞ்சர் ரயிலில் போனோம். பெட்டியில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எதிரே இருந்த பெரியவர் எங்களை ஜெபக்கூட்டம் என்றே முடிவு செய்து, தன் முட்டிவலிக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். தையல்காரம்மா அமிலங்களை நடுவில் நிறுத்திவிட்டு அவருக்காக ஜெபம் செய்தாள். பிறகு தலையிலிருந்து ஆரம்பித்தாள்.

கேள்வித்தாள் கையில் வந்ததும் ஹாலில் ஒரே முணுமுணுப்பு. வாயால் சொல்லிப் பழகியது வாயால்தானே வரும். மேற்பார்வைக்கு வந்திருந்த சின்ன வயசு டீச்சர் துள்ளி எழுந்தாள். "இதி பரீக்ஷ ஹாலா, சர்ச்சா?" என்று தெலுங்கில் கத்தினாள். இனி யார் உதடு அசைந்தாலும் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவேன் என்றாள். ஹால் கப்சிப்.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் போயிற்று. பாஷ்பீபவனத்தை விளக்குக என்று தாளில் கிடக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தால் கொடியும் புடவையும்தான் கண்ணுக்குத் தெரிகிறதே ஒழிய, பாடம் நாலு வரவில்லை. மறுபடியும் ஐப்பசி மழையை எழுதிவிட்டு வந்து ஆயுசுக்கும் விளக்குமாறு பிடிப்பதா? சார் மேலும் எரிச்சல், அவரை நம்பிய என் மேலும் எரிச்சல். கையைத் தூக்கினேன். பாத்ரூம் போக வேண்டும் என்றேன்.

உள்ளே போய்த் தாழ் போட்டேன். நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாடம் நாலு, பக்கம் முப்பத்திரெண்டு" என்று உரக்க ஆரம்பித்தேன். குழாயைத் திறந்தது போலக் கொட்டியது. சிந்தாமல் ஓடிவந்து எழுதிவிட்டேன். பக்க எண்ணைக்கூட முன்னாலும் பின்னாலும் எழுதினேன். அதை விட்டால் நடுவில் இருப்பதும் ஓடிவிடும் என்று பயம்.

தையல்காரம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் கையைத் தூக்கினாள். அவள் வந்ததும் அடுத்தவள். எங்கள் சபைப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்டுப்போயிற்று. அந்த டீச்சருக்குச் சந்தேகம் வந்து, பாத்ரூமில் பிட்டு ஒளித்துவைத்திருக்கிறோமா என்று பார்க்கத் தண்ணீர் கொடுக்கிற அம்மாவை அனுப்பினாள். அந்த அம்மா கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"பிட்டு கிட்டு ஒண்ணும் இல்ல மேடம். உள்ள நின்னுக்கினு ஸ்தோத்திரம் பண்றாங்க."

மேடம் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்தோத்திரத்துக்குத் தண்டனை எந்த விதியிலும் இல்லை போலிருக்கிறது.

தேறிவிட்டேன். துணி காய்வதைப் பற்றித் தெரிந்ததை எழுதியபோது தோற்கடித்தவர்கள், கக்கூசில் ஒப்பித்ததை எழுதியபோது தூக்கிவிட்டார்கள். சார் ஆராதனையில் எழுந்து நின்று தன் போதனை முறைக்குச் சாட்சி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய.

டீச்சர் வேலைக்கு நேர்முகம் நடந்தது. அறிவியலில் ஏதாவது கேட்பார்கள் என்று வழியெல்லாம் பாடம் நாலைச் சொல்லிக்கொண்டே போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு, ஆட்டத்தோடு என்றார். கையைத் தும்பிக்கையாக்கி அந்த அறையை யானையாகச் சுற்றி வந்தேன். ஆயாவாக இருந்தபோது தினமும் சுற்றிய அதே யானைதான். சிரித்துக்கொண்டே வேலையைக் கொடுத்தார்.

நான் விட்ட ஆயா இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பெண், எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள். முதல் நாள் விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கருந்து பெருக்கணும்க்கா?" என்று கேட்டாள். என்ன படித்திருக்கிறாய் என்றேன், பேச்சுக்கு.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கா. திருப்பதில ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன்."

"பின்ன இன்னாத்துக்கும்மா இந்த வேலைக்கு வந்த?"

"வேற எது கீதுக்கா?"

ஒரு பாடத்துக்காக நான் பட்ட பாடு என்ன, அத்தனை பாடமும் படித்தவள் வந்து நிற்கிற நிலை என்ன. விளக்குமாற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளின் எடை, உயரம், வந்த முட்டை, அரிசி எல்லாவற்றையும் தினமும் போனில் ஏற்ற வேண்டும். எனக்கு அது பிடிபடவே இல்லை. அவள் மடமடவென்று ஏற்றிவிடுகிறாள். எழுத்தும் அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். நான் பெருக்குகிறேன், சோறு வடிக்கிறேன். டீச்சர் சம்பளம் எனக்கு, ஆயா சம்பளம் அவளுக்கு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு அம்மா பார்க்க வந்தார். நான் அவசரமாக நாற்காலியில் உட்கார்ந்தேன், அவள் அடுப்படிக்கு ஓடினாள். போனில் எல்லாம் சரியாக ஏற்றியிருக்கிறாய் என்று அந்த அம்மா என்னைப் பாராட்டினார். தரை பளிச்சென்று இருக்கிறது, நல்ல ஆயா கிடைத்திருக்கிறாள் என்று அவளைப் பாராட்டினார். இரண்டு பேரும் தேங்க்ஸ் மேடம் என்றோம்.