சாயங்கால வகுப்பும் ஒரு சட்டிக் கஞ்சியும்

1. நிலம் வாங்கிய கதை

என் சாயங்கால வகுப்பின் முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், போர்டிக்சன் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கு நான்தான் வாத்தியார். காலையில் ஜப்பான் பாட்டு, ஜப்பான் உடற்பயிற்சி, ஜப்பான் எழுத்து. அந்த எழுத்தில் எனக்கே பாதிதான் தெரியும். மீதியை அதட்டிச் சமாளித்தேன். தமிழுக்கும் கணக்குக்கும் இடமில்லாததால் சாயங்காலம் தனியாக வகுப்பு வைத்தேன். பிள்ளைகளோ பசியில் சுருண்டார்கள். அரிசியைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

ரப்பர்ப் பாலுக்காக மரம் கீறும் பால்மரம் வெட்டு வேலை நின்றுபோன அஞ்சலையக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "வெறும் வயித்துல எப்படி வாத்தியாரே படிப்பு ஏறும்? கெழங்கு போட எடம் கேளுங்க. ஆக்கிப் போடறது எம் பொறுப்பு."

தோட்டத்தை நடத்திய ஜப்பான் துரையிடம் போய், சாயங்காலமும் அவன் மொழியைத்தான் கற்றுக்கொடுக்கப் போவதாக அளந்துவிட்டேன். அவன் குளிர்ந்துபோய்ப் பள்ளிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கொடுத்தான். மரவள்ளி வைத்தோம். கிழங்கு இறங்கும்வரை இலையைப் பறித்துக் காய்ச்சினோம். உப்புக்கு, அஞ்சலையக்கா சி ரூசா கடற்கரைக்கு நடந்துபோய்க் கடல்தண்ணீரைக் காய்ச்சி எடுத்துவந்தார். சட்டி அடுப்பில் ஏறிய வாரமே வகுப்பு நிரம்பிவிட்டது. எல்லாம் என் பாடத்தின் மகிமை என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. வணக்கம் வைத்த கதை

ஒரு நாள் ஐந்து மணிக்குத் துரை சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றான். கரும்பலகை முழுக்கத் தமிழ். நான் துடைப்பதற்குள் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். துரை வந்தால் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசையை நோக்கிக் குனிந்து வணங்க வேண்டும் என்பது சட்டம்.

அங்கேதான் என் சோம்பேறித்தனம் என்னைக் கவிழ்த்தது. திசையெல்லாம் விளக்கச் சலித்துக்கொண்டு, காலை வகுப்பில் "சூரியனப் பாத்துக் குனி" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். பொங்கலன்று சூரியனைக் கும்பிட்டுப் பழகிய பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இப்போதோ சாயங்காலம். அத்தனை பேரும் மேற்கே திரும்பி, சக்கரவர்த்திக்கும் கிழக்கு வாசலில் நின்ற துரைக்கும் பின்புறத்தைக் காட்டிப் பயபக்தியோடு குனிந்தார்கள்.

"பக்கேரோ!" என்ற ஜப்பான் வசவோடு என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. காது கொய்யென்றது. வகுப்பை மூடு, நிலத்தைத் திருப்பிக் கொடு என்று மலாயில் கத்திக்கொண்டே துரை கஞ்சிச் சட்டியை உதைக்கப் போனான். அறை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சட்டி போனால் இந்தப் பிள்ளைகள் எதைத் தின்னும் என்பதுதான் பயம்.

அஞ்சலையக்கா அகப்பையோடு குறுக்கே வந்து, சுவரில் தொங்கிய ஜப்பான் கொடியைக் காட்டித் தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னார்.

"துவான், பெண்டேரா நிப்பொன் மத்தஹாரி லா! ஒங்க கொடியில சூரியன்தானே இருக்கு? அதத்தானே புள்ளைங்க கும்புடுதுங்க! மத்தஹாரி எந்தப் பக்கம் போனாலும் இதுங்க விடாது, துவான்!"

துரை கொடியைப் பார்த்தான். மேற்கே பார்த்தான். சிரித்துத் தொலைத்தான். பிள்ளைகளைக் கிழக்கே திருப்பி இன்னொரு முறை குனியவைத்துவிட்டு, சட்டியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துத் தின்றபடி போய்விட்டான். கரும்பலகையை அவன் பார்க்கவே இல்லை.

நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அழுவுற நேரமா இது? தட்ட எடுத்து வைங்க, வாத்தியாரே. பொய் சொல்றத எங்கிட்ட விட்டுட்டு நீங்க பாடத்தச் சொல்லுங்க" என்றார் அஞ்சலையக்கா.

ஜப்பான்காரன் போகும்வரை அந்த அடுப்பு அணையவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் பசிக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். என் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக்கூட அடிக்க நேரவில்லை. ஓய்வுபெற்ற அன்று அதைச் சொல்லித்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கமாக இருந்தது. போர்த்தியிருக்க வேண்டிய தோள் வேறு.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாத்தியார் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பான். முதலில் சமைக்கிறவரைத் தேடுங்கள்.