பின்னாலிருந்து கூப்பிட்டவன்

திண்டிவனத்தில் பிறந்தவனுக்குப் பனி என்றால் மார்கழியில் வைக்கோல்போர் மேல் படிகிற ஈரம்தான். அதற்கே காதை மூடித் துண்டு கட்டிக்கொள்கிற என்னை, எண்பதுகளில் பட்டாளம் கொண்டுபோய்க் காஷ்மீரத்துப் பனிமலையில் நிறுத்தியது. கூட இருந்த ஒரே தமிழன் கண்டமங்கலத்துக்காரன். அவனுக்குப் பனியைவிடச் சகுனத்துக்குத்தான் பயம். குறுக்கே போகப் பூனை இல்லாத மலை என்று முதல் நாள் சந்தோஷப்பட்டவன் அவன்.

எங்கள் ஹவில்தார் மலைநாட்டுக்காரர். பனிச்சரிவை எப்படிக் கடப்பது என்று தினமும் இந்தியில் ஓதுவார். கூட்டமாகப் போகாதே, ஒருவன் அக்கரை சேர்ந்த பிறகே அடுத்தவன். முதுகு மூட்டையின் வாரைத் தளர்த்திக்கொள். இடுப்பில் நீளமான சிவப்புக் கயிற்றைக் கட்டி வால்போல் இழுத்துக்கொண்டு போ. நீ புதைந்தாலும் அதன் நுனி மேலே கிடக்கும், அதைப் பிடித்துத் தோண்டி எடுப்போம். நடுவில் மட்டும் நிற்காதே. எனக்கு இந்தி அரைகுறை, அவனுக்கு அதுவும் இல்லை. நான்தான் தமிழில் சொன்னேன்.

இரண்டு நாள் பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், சரிவுக்கு அந்தப் பக்கத்துக் காவல் சாவடிக்குப் போயே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஹவில்தார் முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஆள் ஒல்லி என்று அவனை முதலில் அனுப்பினார். பாதி தூரம் போயிருப்பான். இடுப்புக் கயிறு அவிழ்ந்து அவனுக்குப் பின்னால் பனியிலேயே கிடந்தது. புதைந்தால் தேட ஓர் அடையாளமும் இல்லை. பதறிப்போய்க் கத்திவிட்டேன்.

"டேய்! கயிறு அவுந்துக்கினு கெடக்குதுடா!"

அவன் நின்றான். எங்கள் ஊர்ப்பக்கம், புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அபசகுனம். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அந்த மகானுபாவன் சரிவின் நட்டநடுவில் மூட்டையோடு தொப்பென்று உட்கார்ந்தான். தண்ணீர்க் குப்பியைத் திறந்து கவிழ்த்தான். உறைந்துபோயிருந்தது. உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"எழுந்திருடா பாவி!" என்றேன்.

"இருடா. தண்ணி குடிக்காம எப்டிப் போறது? கூப்ட்டது நீதான?"

என்ன செய்கிறான் அவன் என்று ஹவில்தார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். சகுனத்துக்கு இந்தியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. "தாகமாம்" என்றேன்.

அப்போது பனிக்கு அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஹவில்தார் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஓர் அடுக்கு அமுங்கிவிட்டது, சரிவு எப்போது வேண்டுமானாலும் கிளம்பும் என்று அதற்கு அர்த்தம். போன தடத்திலேயே மெல்லத் திரும்பி வரும்படி கையசைத்தார். கூப்பிட்டே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வந்து சேர்ந்ததும் அவனைக் கட்டிக்கொண்டேன், பிறகு ஓர் அறை விட்டேன். மத்தியானம் அந்தச் சரிவு மொத்தமும் சரிந்து இறங்கியது.

அந்தச் சத்தம்தான் காப்பாற்றியது என்றார் ஹவில்தார். தண்ணீர்தான் என்றான் இவன். குடித்தது ஒரு சொட்டு இல்லை, பேச்சை மட்டும் பார்!

அடுத்த மாதம் எனக்கு விடுமுறை கிடைத்தது. கண்டமங்கலம் போய் அவன் மனைவியைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் அவன் கடிதத்தில் எழுதியிருந்தான். எனக்குச் சோறு போட்டாள், அவனுக்குக் கொடுக்கச் சொல்லி வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, பொட்டலம் கட்டி வைத்தாள். நான் அதை மறந்துவிட்டு விழுப்புரம் பஸ்ஸுக்கு நடந்தேன். படியில் கால் வைக்கும்போது யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவள்தான். வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஓடிவந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது.

"ஒரு கொரல் குடுத்திருந்தா நின்னிருப்பேனேம்மா" என்றேன்.

பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.

"கொரல் குடுத்தா நீங்களும் உக்காந்துடுவீங்கண்ணா. அவரு ஒருத்தரு உக்காந்தது போதும்."