செங்கல்லில் வைத்த கை

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து, சுவரில் எது ஒட்டியிருந்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகருவேன். அன்று காலை பாலக்கரை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. நான் படத்தைப் பார்க்க மாட்டேன். படத்தைப் பார்த்து ஊகித்தால் அது படித்ததாகாது என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுத்தை மட்டும் விரல் வைத்துப் படித்தேன். ஆ, ரோக், கிய, சாமி. இவ்வளவு நீளமான பெயரை எங்கும் தடுக்காமல் படித்துவிட்டேனே என்று எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம்கூடச் சொல்லலாம் என்று திரும்பினேன். அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்.

வேப்பூரில் மகள் வீட்டில் இருந்தவர். முந்தின நாள் சாயங்காலம் இறந்திருக்கிறார். எனக்குத் தகவல் சொல்ல ஆள் வருவதற்குள் போஸ்டர் சொல்லிவிட்டது.

பங்குச் சாமியார் என்னிடம், ஆரோக்கியசாமியோடு அதிக நாள் வேலை செய்தவர் நீங்கள்தான், முப்பதாம் நாள் பூசையன்று கொடுக்கும் நினைவு மலருக்கு நீங்கள் எழுதுங்கள் என்று கேட்டார். நான் உங்கள் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. என் பெயரே கொளஞ்சி என்றேன். அது பரவாயில்லை என்றார். எனக்கு எழுத நேரமாகும் என்றேன். அதுவும் பரவாயில்லை என்றார். ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறேன். எழுத எழுத ஆரோக்கியசாமி எதிரில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

செராமிக் பட்டறையில் அவர் சூளைக்குத் தீ போடுபவர். நான் பொம்மைகளை உள்ளே அடுக்குபவன். அடுக்கி முடித்ததும் சூளை வாசலைச் செங்கல் வைத்து, மண் பூசி அடைத்துவிடுவோம். தீ அணைந்த பிறகும் உள்ளே சூடு ஆறும்வரை அதைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டு ஒரு செங்கல்லை உருவினாலும் வெளிக்காற்று புகுந்து, வெந்த பொம்மை அத்தனையும் விரிசல் விட்டுவிடும். ஆறிவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் செங்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். ஆரோக்கியசாமி உள்ளங்கையை வைப்பார். வைத்துக்கொண்டு பரலோக மந்திரத்தைச் சொல்வார். மந்திரம் முடியும்வரை கை நின்றால் திறக்கலாம். பாதியில் எடுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஆறவேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு அந்த மந்திரம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவர் மேல்தான் அந்தப் பழி விழுந்தது. கொலு பொம்மைகளை ஏற்ற லாரி வந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீ அணைந்திருந்தது, சூளை ஆறவில்லை. அவர் பூசைக்குப் போயிருந்தார். எங்களுக்கு லீவு. முதலாளியின் மகன் மட்டும் பட்டறையில் இருந்தார். பூசை முடிந்து ஆரோக்கியசாமி வந்தபோது வாசலின் மேல்வரிசைச் செங்கல் கீழே கிடந்தது. உள்ளே பொம்மைகள் டிங் டிங் என்று வெடிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். மகன் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "பூசைக்கு நேரமாச்சுன்னு அவருதாம்பா உருவிட்டுப் போயிட்டாரு."

"நான் எடுக்கல முதலாளி" என்று ஆரோக்கியசாமி ஒரே தடவை சொன்னார். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. பேச்சு பரவி, வேறு எந்தப் பட்டறையிலும் அவரைத் தீயருகே விடவில்லை. களிமண் லாரியில் மண் இறக்கும் வேலைதான் கிடைத்தது. டீக்கடையில் அவருக்கு 'பூசை அவசரம்' என்று பெயர் வைத்தார்கள். "அவசரத்துக்கு ஒரு டீ போடுங்க, ஆறுறதுக்குள்ள குடிச்சிருவாரு" என்பார்கள். அவர் டீயை நன்றாக ஆறவைத்து, அவர்கள் எல்லோரும் எழுந்து போன பிறகு குடிப்பார்.

யார் உருவியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "நான் கண்ணால பாக்கல கொளஞ்சி. பாக்காததச் சொன்னா, என்னப் பத்தி சொன்னவங்களுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்?" என்றார். கோயிலுக்குப் போகப்போய்த்தானே இந்தப் பேர், இன்னும் ஏன் போகிறாய் என்றும் கேட்டேன். "பழி போட்டது சாமி இல்லயே" என்றார். மண் படிந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிறு தவறாமல் போனார்.

அவருக்கு வலிக்கவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். மத்தியானம் மண் இறக்கிவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து, சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் முன் அதே மந்திரத்தைச் சொல்வார். ஒருநாள் கவனித்தேன், பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். மறுநாளும் அப்படியே. மீதியை மறந்துவிட்டாயா என்றேன்.

"நமக்குத் தீங்கு செஞ்சவங்கள மன்னிக்கிறதப் பத்தி ஒரு எடம் வரும் இல்ல, அங்க வந்தா நாக்கு நின்னுடுது. வாயால சொல்லிட்டு மனசுல வேற வெச்சிக்கிட்டா அது சாமிய ஏமாத்துற மாதிரி. அதான், சொல்ல முடிஞ்ச வரைக்கும் சொல்லி நிறுத்திக்கிறேன்."

"உங்க சாமி கோச்சுக்காதா?"

"காத்திருப்பாரு. சூளை ஆறுற வரைக்கும் நாம காத்திருக்கல?"

வருடக்கணக்கில் அந்த மந்திரம் அதே இடத்தில் நின்றது. ஆனால் ஒருநாளும் அதை ஆரம்பிக்காமல் விட்டதில்லை.

முதலாளி காலமான பிறகு மகன் பட்டறையை எடுத்து நடத்தினார். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. ஆரோக்கியசாமி அந்தப் பெயரைச் சொல்லி யாரிடமும் குறைபட்டதில்லை. அவருக்குப் பதிலாகத் தீ போட்ட ஆளும் விலகிப் போய், பிறகு வந்த புது ஆட்களுக்குச் சூளை பிடிபடாமல், சரக்கு வீணாகிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த மகனே ஆரோக்கியசாமியின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஆரோக்கியசாமியின் மனைவி லூர்து சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அன்னிக்கு என்னா நடந்துதுன்னு சொல்லுங்க. அப்புறம் இவரு வருவாரு" என்றார். வந்தவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். ஆரோக்கியசாமி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க தம்பி, போலாம்" என்றார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. வழியில் ஆரோக்கியசாமியைத் தனியாகப் பிடித்து, அவன் வாயால் சொல்ல வைத்த பிறகு கிளம்பியிருக்க வேண்டாமா என்று சண்டை பிடித்தேன்.

"அந்தச் செங்கல்ல நான் உருவ மாட்டேன் கொளஞ்சி. ஆறட்டும்" என்றார். பிறகு, "நீ உன் தம்பிகிட்ட பேசுறியா?" என்று கேட்டார். நிலத்தகராறில் என் தம்பி எனக்குச் செய்தது அவருக்குத் தெரியும். சண்டையை விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.

அவர் தீ போட்டார், நான் அடுக்கினேன். சூளை ஆறவேண்டிய நாள் ஞாயிறாகவே அமைந்தது. பூசைக்குப் போய்விட்டு நிதானமாக வந்தார். பட்டறை ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தோம். மகன் கடைசியில் நின்றார். ஆரோக்கியசாமி செங்கல்லில் கையை வைத்து மந்திரத்தை ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. நின்றார். கை செங்கல்லிலேயே இருந்தது. இன்னும் ஆறவில்லை போல என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். சூட்டினால் நிற்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு அந்த வரியைச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கடைசிவரை சொல்லி முடித்தார்.

அவர் கையை எடுப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "அன்னிக்கு நாந்தான் உருவினேன் அண்ணே."

ஆரோக்கியசாமி திரும்பி, "தெரியும் தம்பி. வாங்க, மொதல் செங்கல்ல நீங்களே எடுங்க" என்றார். மகன் வந்து எடுத்தார். உள்ளே பொம்மைகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

அன்று வீட்டில் லூர்து அழுதார். "இத்தினி வருசம் மண்ணு சொமந்ததே, அத யாரு திருப்பித் தருவாங்க?" என்றார். ஆரோக்கியசாமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்த மண்தூசுதான் கடைசியில் இருமலாகி அவரைக் கொண்டுபோயிற்று என்று நான் நினைக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு மத்தியானச் சோற்றின்போது அவர் மந்திரத்தை முழுதாகச் சொன்னார். அதை நான் தினமும் கேட்டேன்.

அடக்கத்தன்று, பெட்டியை மூடிய பிறகு அதன்மேல் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த மந்திரத்தை மனதுக்குள் சொன்னேன். அவர் நின்ற அதே இடத்தில் எனக்கும் நின்றுவிட்டது.

என் தம்பி ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறான். அங்கே போகிற பஸ் வந்து நின்றால் இப்போது பலகையை நானே படித்துவிடுகிறேன். இன்னும் ஏறவில்லை. ஆரோக்கியசாமியிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்: ஆறிவிட்டதா என்று தினமும் கையை வைத்துப் பார்ப்பது. முன்பெல்லாம் தம்பி பெயரை நினைத்த உடனே கை சுட்டு, எடுத்துவிடுவேன். இப்போது கொஞ்ச நேரம் நிற்கிறது.