பக்கத்து சீட்டில் கைதானவள்

இன்று காலை, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ். பக்கத்து சீட்டில் மடியில் பையோடு ஒரு அம்மா.

பஸ் கிளம்பும் முன், பெட்டிக்கடையில் தொங்கிய பேப்பர் போஸ்டரை ஜன்னல் வழியே எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘திண்டிவனத்தில் ஆசிரியைகள் கைது.’ அவ்வளவுதான் இருந்தது.

“டீச்சருங்களே கைதாம்மா! இன்னா பண்ணாளுங்களோ. இவளுங்ககிட்ட புள்ளைய வுட்டுட்டு நாம வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கெடக்கணும்.”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைதானவர்களில் நானும் ஒருத்தி.

நேற்று பணி நிரந்தரம் கேட்டு மறியல் செய்தோம். வேனில் ஏற்றிப்போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மதியம் எலுமிச்சை சாதம், சாயந்திரம் விடுதலை. ‘மறியல்’ என்ற ஒரே ஒரு வார்த்தைக்குமா அந்தப் போஸ்டரில் இடமில்லை?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக விக்கிரவாண்டி வந்துவிட்டது.

அந்த அம்மா பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளி என்னிடம் கொடுத்தார். “மல்லாட்டை துன்னும்மா. ஆமா, நீ இன்னா வேலை பாக்கற?”

“வீட்லதாங்க இருக்கேன்.”

மல்லாட்டையை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் போஸ்டர் எழுதியவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவருக்காவது இடமில்லை என்று ஒரு சாக்கு இருக்கிறது. எனக்கு விழுப்புரம் வரை நேரம் இருந்தது.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? மல்லாட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துச் சொல்லுங்கள்.