பொறுப்பு யார்?

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் எனக்கு வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒப்புதல் தர வேண்டிய துணைவேந்தரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. நியமிக்கும் உரிமை யாருக்கு என்று மேலே இருந்தவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இடைக்காலமாக ஒரு மூத்த பேராசிரியரை உட்கார வைத்து, பெயர்ப்பலகையில் துணைவேந்தர் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டார்கள். அலுவலகத்தில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

“பொறுப்பு மீட்டிங்ல கீறாரு.” “பொறுப்பு இன்னிக்கி லீவு.” பிரிவு எழுத்தர் முகம் மாறாமல் சொல்வார். முதல் சில மாதங்கள் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடையாறில் ஒரு தனியார் கல்லூரி பொருளாதாரத் துறையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மாத முடிவுக்குள் முனைவர் பட்டம் உறுதியாக வேண்டும். மயிலாப்பூரில் மீன் விற்கும் அம்மா, எனக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பொறுப்பின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

“இப்ப பொறுப்பே இல்லம்மா. நான் இன்னா பண்றது?” என்றார் எழுத்தர். எதையாவது தூக்கி எறிந்துவிடுவேனோ என்று பயந்து வெளியே வந்தேன்.

அந்த வாரம் தேனாம்பேட்டையில் ஒரு தொலைக்காட்சி விவாதம். பல்கலைக்கழகத் தலைமையில் சீர்திருத்தம் தேவையா என்பது தலைப்பு. பார்வையாளர்களாக உட்கார ஆய்வு மாணவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு கட்சிகளிலிருந்தும் பெரிய ஆட்கள் வருகிறார்களே, அடுத்த பொறுப்பு யாரென்று அவர்களுக்காவது தெரிந்திருக்கும் என்று போனேன்.

தொழில் நடத்திப் பழகியவரைத் தலைமைக்குக் கொண்டுவர வேண்டும், மாநிலத்தின் பொருளாதாரத்தையே பல்கலைக்கழகம் இழுத்துச் செல்ல வேண்டும் என்றார் ஒருவர். நியமிக்கும் அதிகாரம் முதலில் எங்கள் கைக்கு வரட்டும், பொருளாதாரத்தை அப்புறம் பேசலாம் என்றார் மற்றவர். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறியது. கடற்கரை மீன் ஏலத்தின் பொருளாதாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஒருத்தி காத்துக் கிடக்கிறாள், அதைப் படித்துப் பார்க்க ஆளில்லை. இவர்கள் மாநிலத்தையே இழுக்கப் போகிறார்களாம்.

மைக் என்னிடம் வந்தது. நினைத்ததில் பாதி மறந்துவிட்டது.

“சார், இப்ப பொறுப்பு யாரு?” என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள், ஒருவரை நோக்கி ஒருவர். அரங்கமே கைதட்டியது. நான் கேட்டது ஆளை. அவர்கள் காதில் விழுந்தது பழி. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன், மைக்கைப் பிடுங்கி அடுத்த வரிசைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அந்தத் துண்டு எல்லாருடைய செல்போனிலும் ஓடியது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு தலைப்புப் போட்டுப் பரப்பினார்கள். “சூப்பரா கேட்டுக்கீற, எல்லாரும் சொல்றாங்க” என்று அம்மா பூரித்துப்போனாள். இனி என் கோப்பை யாரும் தொடவே மாட்டார்கள் என்று நான் பயந்தேன்.

இரண்டே நாளில் எழுத்தர் தொலைபேசியில் அழைத்தார். புதிய பொறுப்பு வந்துவிட்டாராம், முதல் வேலையாக என் கோப்பில்தான் கையெழுத்துப் போட்டாராம். மாத முடிவுக்கு முன்னாலேயே தேதி. நான் அழுதுவிட்டேன். உடனே கல்லூரித் தாளாளரை அழைத்துச் சொன்னேன்.

“ரொம்ப சந்தோஷம்மா. வீடியோ பார்த்தோம், தைரியமா கேட்டீங்க” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்த போஸ்ட்டுக்கு வேற ஒருத்தரைப் பார்த்துட்டோம்மா.”

“சார், நான் யாரையும் குத்திக் கேக்கல. கையெழுத்துப் போடற ஆளு யாருன்னுதான் கேட்டேன்.”

“அதாம்மா,” என்றார் மிக மரியாதையாக. “இங்க வந்தாலும் கேப்பீங்க.”