மேல்வீட்டு மீட்டர்

எங்கள் வீடு மும்பை தாராவியில் ஒரு கல்லிக்குள், ஆள் ஒதுங்கி நடக்கிற சந்துக்குள் இருக்கிறது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, வெளியே ஓர் இரும்பு ஏணி. கீழே அப்பாவும் நானும், மேலே தம்பி. அம்மா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே இறந்துவிட்டாள்.

வீடு ஒன்றுதான், ஆனால் மீட்டர் இரண்டு. தம்பிக்குப் பதினெட்டு வயது ஆனதும் அப்பா செய்த முதல் காரியம், மேலறைக்கு அவன் பெயரில் தனி மீட்டர் வாங்கியதுதான். எங்கள் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. இடித்துக் கட்டப்போகிறார்கள், ஃப்ளாட் தரப்போகிறார்கள் என்ற பேச்சு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடக்கிறது. தனி வாசல், தனி ஏணி, தனி மீட்டர், மாதாமாதம் ஓடும் யூனிட் இதெல்லாம் இருந்தால் சர்வேக்கு வருகிறவர்கள் மேலறையையும் தனி வீடு என்று எழுதுவார்கள், அதற்கும் ஒரு ஃப்ளாட் கிடைக்கும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அவர் உள்ளே இருந்த மரப்படியைப் பிடுங்கி எறிந்து, மேலே ஏறும் ஓட்டையை இரும்புத் தகடு போட்டு, சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி அடைத்தார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் அன்றோடு அண்டை வீட்டுக்காரர்கள் ஆனோம்.

தம்பி வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் வேலையில் இருந்தான். இருமல் வந்தபோது புகை, தூசி என்று சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டினான். ரத்தம் வந்த பிறகுதான் சொன்னான். டி.பி., அதிலும் சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத வகை. கை கொள்ளாத மாத்திரைகளைக் கொடுத்து, "தனி அறையில் இருக்கட்டும், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கிட்டே விடாதீர்கள்" என்று டாக்டர் சொன்னார். மேலறை இருக்கிறதே என்று அன்றைக்கு அப்பா நிம்மதிப்பட்டார். பார்த்தாயா, அன்றே சொன்னேனே என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை வேறு பார்த்தார்.

மாஸ்க் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மேலே கொண்டுபோய் வைப்பேன். மாஸ்க் போட்டவள் எப்படிக் கூட உட்கார்ந்து சாப்பிடுவது? தம்பிக்குத் தனியாகச் சாப்பிட்டுப் பழக்கமே இல்லை. தட்டை அப்படியே திருப்பி வைத்துவிடுவான். அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். சாயங்கால ஜெபம் முடிந்ததும் போனில் வீடியோ போடச் சொன்னான். நான் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைப்பேன். அவன் மேலே தட்டை வைத்துக்கொள்வான், நாங்கள் கீழே. டிவியில் ஓடுவதை அவனுக்கும் காட்டுவேன். மூன்று பேரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். கடைசியில் அப்பா, "மாத்திரய முழுங்குல, நான் பாக்கணும்" என்பார். அவன் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி விழுங்குவான். அந்தக் கொஞ்ச நாள் அவன் உடம்பு தேறிய மாதிரிகூட இருந்தது.

போகப் போக, அவன் போனில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் நெட் மத்தியானம் வரைக்கும்கூட வராது. நாள் முழுவதும் படுத்துக் கிடப்பவன் வேறு என்ன செய்வான்? சாயங்காலம் நாங்கள் கூப்பிடும்போது படம் உறைந்து நிற்கும். வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி அவன் முகம் திரையில் அசையாமல் நிற்கும். நான் மறுபடி மறுபடி கூப்பிடுவேன். கீழே எங்களிடம் இருந்த வைஃபை தகட்டையும் டைல்ஸையும் தாண்டி மேலே போகவில்லை. மேலே இன்னொரு கனெக்‌ஷன் எடுக்கலாம் என்றால், அவன் சம்பளமும் நின்ற பிறகு முட்டைக்கும் பழத்துக்குமே என் சம்பளம் எட்டவில்லை. ஒரு ஒயர் வாங்கி வந்தேன். அப்பா அதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார். கீழிருந்து மேலே ஒரு ஒயர் போவதைப் பார்த்தால் ஒரே வீடு என்று எழுதிவிடுவார்களாம்.

நான் மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறேன். பழைய கட்டடம், சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட சொசைட்டியில் விடமாட்டார்கள். அதனால் அங்கே ஒரு ஜோடி டப்பா வைத்திருந்தார்கள். ஒன்றை ரவுட்டர் பக்கத்து பிளக்கில் செருகினால், இன்னொன்றை எந்த அறையில் செருகினாலும் நெட் வரும். கரண்ட் ஓடும் கம்பியிலேயே அதுவும் சேர்ந்து ஓடுகிறது. காத்திருக்கும் அறையில் டிவி அப்படித்தான் ஓடியது. நான் அதைத் தினமும் தூசி தட்டி இருக்கிறேனே தவிர, ஒரு நாளும் யோசித்ததில்லை. டாக்டரிடம் கேட்டதும், புதிது வாங்கப் போகிறேன், எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டார். அன்று லோக்கல் ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரத்தில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒயரும் இல்லை, ஓட்டையும் இல்லை. அப்பா மறுத்துச் சொல்ல ஒன்றுமே இல்லை. கீழே இரண்டு டப்பாவையும் இரண்டு மூலையில் செருகிப் பார்த்தேன். பச்சை விளக்குகள் மூன்றும் எரிந்தன. ஏணியில் ஓடினேன். தம்பி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தான். மேலே செருகியபோது இரண்டு விளக்குதான் எரிந்தது, நெட் வரவில்லை. வேறு பிளக்கில் மாற்றினேன். ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். அந்த மூன்றாவது விளக்கு எரியவே இல்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

மறுநாள் எங்கள் கல்லி எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சிரித்தார். "ரெண்டு மீட்டர் வச்சிருக்கியளே. அங்க உள்ளது இங்க எப்படி வரும்?" மேல்வீட்டு லைனைக் கழற்றிக் கீழ்வீட்டு மீட்டரில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது, டீ ஆறுவதற்குள் செய்து கொடுக்கிறேன் என்றார்.

அப்பா கையால் வாசலைக் காட்டி அவரை அனுப்பிவிட்டார்.

"எப்பா, அவன் சாப்பிட மாட்டேங்கான். மாத்திர இறங்கணும்லா" என்றேன்.

"யூனிட் ஓடலேன்னா ஆளில்லாத வீடுன்னு எழுதிருவான். சர்வேக்கு இன்னைக்கோ நாளைக்கோ வந்துருவாவ."

"இன்னைக்கு நாளைக்குன்னு எத்தன வருசமாச் சொல்லுதிய? சொவரு இருந்தாத்தான சித்திரம் எழுத முடியும்?"

"யாருக்காவச் சேத்து வைக்கேன்? எனக்கா?" என்று அப்பா கத்தினார். "நாளைக்கு அவன் கல்யாணம் முடிச்சு எங்க இருப்பான்? இந்தக் கல்லிலயா? அவனுக்குன்னு ஒரு வீடு வேண்டாமா?"

எனக்கும் வாய் நீளம்தான். வீட்டுப் பேய் பிடித்திருக்கிறது உங்களுக்கு என்று கத்தினேன். அப்பா என்ன பேசினாலும் சரி, அந்த ஆளை நானே கூட்டி வருகிறேன் என்று செருப்பைப் போட்டேன். அதற்குள் மேலே தம்பி ஏணித் தலையில் வந்து நின்றுவிட்டான். ஏறி இறங்கவே மூச்சு வாங்குகிறவன்.

"எக்கா, சோடு, விட்டுரு. டென்ஷன் எடுக்காத. எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றான். "எப்பா சொல்லுகது கரெக்ட்தான்."

அவன் வேண்டாம் என்ற பிறகு நான் யாருக்காக எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது? செருப்பைக் கழற்றினேன். டப்பாக்களை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு வீடியோவில் கூப்பிடுவதும் நின்றுபோனது. அவன் தட்டைக் காலியாகத் திருப்பி வைத்தான். மாத்திரை அட்டைகளும் காலியாகிக்கொண்டே வந்தன. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று அப்பா சபையில் சாட்சிகூடச் சொன்னார். உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டின் பின்பக்கச் சாக்கடையை வாரும்போதுதான் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு நேர் கீழே, சோற்றோடு கலந்து, நிறம் கரைந்த மாத்திரைகள் கிடந்தன. மேலே ஏறிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். மாஸ்க் போட்டேனா என்பதுகூட நினைவில்லை.

"முழுங்குனா வாந்தி வருதுக்கா" என்றான். "வாந்தி எடுக்கும்போது பாக்கதுக்கு ஒரு ஆள் வேணும்லா. சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டு எவ்வளவு எடுக்க?"

அவனைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்தை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தால் பலிக்காது என்றார்கள், அப்படியே பலிக்கவில்லை. மழை தொடங்குவதற்கு முன் அவனை அடக்கம் செய்துவிட்டோம். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கர்த்தர் எடுக்கவில்லை, தனிமை எடுத்தது. யாரிடம் போய் அதைச் சொல்ல?

மழை முடிந்து சர்வேக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண்ணும் ஓர் ஆணும், கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். கீழ்வீட்டை எழுதிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். மேலே லைட் எரிந்துகொண்டிருந்தது, ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. கொடியில் தம்பியின் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது. அப்பா தினமும் மூச்சு வாங்க மேலே ஏறி இதையெல்லாம் போட்டுவிட்டு இறங்குவது எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

"யஹான் கௌன் ரஹ்தா ஹை?" என்று, இங்கே யார் இருக்கிறார்கள் என்று, அந்தப் பெண் இந்தியில் கேட்டாள்.

"மேரா லட்கா", என் பையன் என்றார் அப்பா.

"கிதர் ஹை?" எங்கே என்று கேட்டாள்.

அப்பா கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டியூட்டி பே கயா ஹை", வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். கதவில் ஒரு நம்பரை ஒட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அப்பா அந்த நம்பரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்து, தம்பியின் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அவனுக்குன்னு தனி வீடாயிட்டுல்லா, மக்கா?" என்றார்.

"ஆயிட்டுப்பா" என்றேன்.