பத்து முறை எழுதிய நைட்ரஜன்

குடவாசல் பக்கம் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். எலக்ட்ரான் கவர்தன்மை கூடினால் வினைத்திறனும் கூடும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவள் நான். நைட்ரஜன், தனிம அட்டவணையில் அதற்கு நேர் கீழே இருக்கும் பாஸ்பரஸ், இரண்டில் எது வேகமாக வினைபுரியும் என்று தேர்வில் கேட்டிருந்தேன். ஷமீமா மட்டும் பாஸ்பரஸ் என்று எழுதியிருந்தாள். தப்புப் போட்டு, கவர்தன்மை அதிகமுள்ள நைட்ரஜன்தான் சரியான விடை என்று பத்து முறை எழுதிவரச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வயலுக்கு யூரியா போட்டுவிட்டு வந்த என் கணவர், கை கழுவிக்கொண்டே கேட்டார். "காத்துல முக்கால்வாசி நைட்ரஜன்தான்னு சொல்லுவியே. அப்புறம் ஏன் அதையே நான் யூரியான்னு மூட்டை மூட்டையா வாங்கிப் போடறேன்?"

"அது லேசுல எதோடயும் சேராதுங்க" என்றேன். சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வெள்ளைப் பாஸ்பரஸோ காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் என்று தண்ணீருக்குள் வைக்கிறோம். அதையும் நான்தான் நடத்தினேன். இரண்டும் ஒரே தலைக்குள் இத்தனை நாள் எப்படி இருந்தன?

மறுநாள் ஷமீமாவிடம், "நீ எழுதினதுதான் சரி" என்றேன். அவள் விழித்தபடி நோட்டை நீட்டினாள். பத்து வரியிலும் நைட்ரஜன், அழகான கையெழுத்தில்.

"அப்ப இதை என்ன பண்றது டீச்சர்?"

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். தப்பை எங்கே போடுவது என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.